துண்டுக்கு அடியில விரல்

ஏண்டா பேராண்டி, பட்டனை அமுக்கிட்டு டீக்கடை வரைக்கும் நடந்து போயி, ஒரு டீயும் குடிச்சு, ஊர்க்கதையும் பேசிட்டு வந்தாலும் ஒன் லேப்டாப்புல அந்த வட்டம் இன்னும் சுத்திக்கிட்டுத்தேன் இருக்கு. கேட்டா, "பழைய மாடலு தாத்தா, வேற வாங்கணும்"ங்குற. அதையும் ஒங்கப்பன் காதுல விழுகுற மாதிரி சொல்ற. கெட்டிக்காரன்டா நீ. ஆனா நான் கூட்டுறவு சொசைட்டியில முப்பது வருசம் கணக்கெழுதுன ஆளு. வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம் உக்காரலைன்னா எனக்குத் தூக்கம் வராது. அதனால நீ தூங்குனப்பறம் ஒன் மெசினைக் கொஞ்சம் நோண்டிப் பாத்தேன். கோவிச்சுக்காத. பாஸ்வேர்டு ஒன் பேரும் பொறந்த வருசமும்தான, அதைக் கண்டுபிடிக்க ஒரு திருடனை வெளியூர்லேருந்தா கூட்டியாரணும்?

வலது பக்கம் கீழ, கடியாரத்துக்குப் பக்கத்துல ஒரு குட்டி அம்புக்குறி இருக்குல்ல, அதை அமுக்குனேன். அடேங்கப்பா, ஒரு குடும்பமே குடியிருக்கு. ஓசி ஆன்டிவைரஸு ஒண்ணு. அதே கம்பெனியோட 'கிளீனப்பு' ஒண்ணு. 'டிரைவர் அப்டேட்டரு' ஒண்ணு. வி.பி.என். ஒண்ணு. நீ எறக்காமலே எறங்குன 'செக்யூர் பிரவுசரு' ஒண்ணு. இம்புட்டும் பத்தாதுன்னு வேற கம்பெனியோட இன்னொரு ஓசி ஆன்டிவைரஸு. ஓசியில கெடைச்சா எனக்கு ஒண்ணு, எங்கப்பனுக்கு ஒண்ணுன்னு சொல்லுவாய்ங்க. நீ ஒங்கப்பன் பங்கையும் சேத்து ஒத்த மெசின்ல ஏத்தி வச்சிருக்க.

"அப்ப பாதுகாப்பு வேணாமா?"ன்னு மூஞ்சியைத் தூக்காத. வேணாம்னு யாருடா சொன்னது? 1986-லயே லாகூருல அண்ணன் தம்பி ரெண்டு பேரு 'பிரெய்ன்'னு ஒரு வைரஸை எழுதி விட்டுட்டாய்ங்க. அது ஃபிளாப்பியில ஏறி உலகம் பூராம் சுத்துச்சு. அப்பலேருந்து இந்தக் காவலுக்கு வேலை இருக்கத்தேன் செய்யுது. நான் கேக்குறது வேற. காவலுக்குக் கூலி யாரு குடுக்குறா?

மொதல்ல அது என்ன சோலி பாக்குதுன்னு தெரிஞ்சுக்க. நீ ஒரு ஃபைலைத் தொறக்குற. விண்டோஸு அதை நேரா ஒங்கிட்ட குடுத்துறாது. கெர்னலுன்னு சொல்ற அடி ஆழத்துல ஆன்டிவைரஸோட ஃபில்டர் டிரைவர் ஒண்ணு ஒக்காந்திருக்கும். அது ஃபைலை நிறுத்தி வச்சு, மேல இருக்குற ஸ்கேனரைக் கூப்புட்டுக் காட்டும். ஸ்கேனரு தன் லிஸ்ட்டோட ஒப்பிட்டுப் பாத்துட்டு, 'சரி, விடு'ன்னு சொன்னப்பறந்தேன் ஒனக்குத் தொறக்கும். எழுதி மூடும்போதும் இதே விசாரணை உண்டு. ஒத்த ஃபைலுன்னா கண்ணை மூடித் தொறக்குற நேரம், ஒனக்குத் தெரியவே தெரியாது. ஆனா நீ ஜிப் ஃபைலை விரிக்கிறியே, அதுக்குள்ள ஆயிரக்கணக்குல பொடிப்பொடி ஃபைலு. கேம் இன்ஸ்டால் பண்றியே, அதுலயும் அப்புடித்தேன். பிரவுசரைத் தொறந்தாலே அதோட கேஷ் ஃபோல்டருல படம் ஒண்ணு, ஸ்கிரிப்ட்டு ஒண்ணுன்னு குட்டிக்குட்டியா எழுதிக்கிட்டே இருக்கும். அம்புட்டுக்கும் விசாரணை. ரெண்டு ஆன்டிவைரஸ் இருந்தா விசாரணையும் ரெண்டு. ஒண்ணு சந்தேகப்பட்டு ஒதுக்கி வச்ச ஃபைலை இன்னொண்ணு எட்டிப் பாத்து, 'ஆகா, வைரஸு!'ன்னு கத்துன கூத்தெல்லாம் நடந்திருக்கு.

அதுலயும் ஒன் மெசின்ல இருக்குறது பழைய ஹார்ட் டிஸ்க்கு. அது தட்டு நிமிசத்துக்கு 5,400 தடவை சுத்துது, ஒத்துக்குறேன். ஆனா இங்கிட்டு ஒண்ணு அங்கிட்டு ஒண்ணுன்னு செதறிக் கெடக்குற ஃபைலுகளைத் தாவித் தாவிப் படிக்கணும்னா, ஒரு செகண்டுக்கு நூறு தடவைக்குப் பக்கம்தேன் அதால முடியும். எஸ்.எஸ்.டி.யில அதே வேலை ஆயிரக்கணக்குல, பல்லாயிரக்கணக்குல நடக்கும். கன்ட்ரோல், ஷிஃப்ட்டு, எஸ்கேப்பு மூணையும் சேத்து அமுக்குனா டாஸ்க் மேனேஜரு வரும். அதுல 'டிஸ்க்'னு போட்ட பத்தியைப் பாரு. மெசின் எந்திரிச்ச ஒடனே 100%ன்னு செவந்து நிக்கும். நீ என்னடான்னா ராமு பத்தலை, பிராசஸரு பத்தலைன்னு ஜாதகம் பாத்துக்கிட்டு இருக்க.

இது மெசினுக்கு உள்ள நடக்குற கதை. நெட்டுல நடக்குற கதை இன்னும் ருசியானது, அதனால கொஞ்சம் நிதானமாச் சொல்றேன்.

நீ ஒரு வெப்சைட்டுக்குப் போற. ஒனக்கும் அந்த சைட்டுக்கும் நடுவுல போற பேச்சு வேற யாருக்கும் புரியக்கூடாதுன்னுதேன் எச்.டி.டி.பி.எஸ்.னு பூட்டுப் போட்டு வச்சிருக்காய்ங்க. ஆன்டிவைரஸுக்கும் புரியாது. அதுக்குப் பல ஆன்டிவைரஸு என்ன பண்ணுது தெரியுமா? இன்ஸ்டால் ஆகும்போதே ஒன் விண்டோஸுல தன் சொந்த ரூட் சர்ட்டிஃபிகேட்டு ஒண்ணை நட்டு வச்சிரும். அப்பறம் நீ ஒரு சைட்டுக்குப் போனா நடுவுல புகுந்து, பூட்டைத் தொறந்து, உள்ள இருக்குறதைப் படிச்சுப் பாத்து, மறுபடி தன் பூட்டைப் போட்டு ஒங்கிட்ட நீட்டும். ஒங்கிட்ட கேட்டுச்சா? கேட்டுச்சு. 'ஐ அக்ரீ'ன்னு நீதான அமுக்குன.

நம்பலைன்னா இப்பவே பாரு. பிரவுசருல மேல விலாசத்துக்குப் பக்கத்துல இருக்குற அடையாளத்தை அமுக்கி, 'கனெக்சன் இஸ் செக்யூர்' வழியா சர்ட்டிஃபிகேட்டைத் தொற. 'இஷ்யூடு பை'ன்னு ஒரு வரி இருக்கும். அங்க டிஜிசெர்ட்டு, லெட்ஸ் என்கிரிப்ட்டுன்னு சர்ட்டிஃபிகேட் குடுக்குற நிறுவனத்தோட பேரு இருக்கணும். அதுக்குப் பதிலா 'வெப் மெயில் ஷீல்டு ரூட்'னு ஒன் ஆன்டிவைரஸ் பேரு வந்துச்சுன்னா, ஒன் பேச்சை நடுவுல ஒரு ஆளு ஒட்டுக்கேட்டுக்கிட்டு இருக்கான்னு அர்த்தம். நல்லதுக்குத்தேன் கேக்குறானோ என்னமோ. ஆனா பூட்டைத் தொறந்து மூடுறதுக்கு நேரம் செலவாகும், அந்தச் செலவு ஒன்னோடது. 2017-ல அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்காரய்ங்களும் கூகுள், மொசில்லா ஆளுகளும் சேந்து இதை ஆராஞ்சாய்ங்க. ஆன்டிவைரஸு திரும்பப் போடுற பூட்டு பல நேரம் பழைய பூட்டை விட லேசானதுன்னு கண்டாய்ங்க. காவலுக்குன்னு வந்து கதவைத் தொறந்து வச்சுட்டுப் போன கதை.

இன்னொண்ணு கேளு, வயிறு வலிக்கச் சிரிப்ப. செக்கு நாட்டுல புர்னோங்குற ஊருல பொறந்தது ஏ.வி.ஜி. அது 2008-ல எட்டாவது பதிப்பை விட்டுச்சு. அதுல லிங்க் ஸ்கேனருன்னு ஒரு வித்தை. நீ கூகுள்ல ஒண்ணைத் தேடுனா வரிசையா பத்து விடை வரும்ல, நீ அதுல ஒண்ணைத் தொடுறதுக்கு முந்தியே இது பத்து சைட்டுக்கும் ஓடிப்போயி கதவைத் தட்டிப் பாத்துட்டு வரும். நீ பாக்குறது ஒரு பக்கம், ஒன் நெட்டு பாக்குறது பத்துப் பக்கம். அன்னைக்கு நெட்டு ஓடுன லட்சணத்துக்கு அது எம்புட்டுப் பெரிய தண்டம்! சைட்டு நடத்துறவன் கணக்கைப் பாத்தா, நேத்து வரைக்கும் ஈ ஓட்டுனவனுக்குத் திடீர்னு கூட்டம். சந்தோசப்பட்டான் பாவம். அப்பறம் வெவரம் தெரிஞ்சு எல்லாரும் கத்துனப்பறம், சில வாரத்துல ஏ.வி.ஜி. அந்தப் பழக்கத்தை மாத்திக்கிச்சு.

பிரவுசருக்கு உள்ளயே புகுந்து தன் நிரலைச் சொருகுற பழக்கமும் இந்த ஆன்டிவைரஸுகளுக்கு உண்டு. 2017 கடைசியில குரோம்காரய்ங்களே ஒரு கணக்கு வெளியிட்டாய்ங்க: விண்டோஸுல குரோமுக்குள்ள இப்புடி வெளி நிரலு சொருகுன மெசினுகள்ல பிரவுசரு செத்து விழுகுறது 15% சாஸ்தி. அதுக்கப்பறம் 2018-லேருந்து படிப்படியா அந்தக் கதவைச் சாத்த ஆரம்பிச்சாய்ங்க. நீ என்னமோ குரோம் அடிக்கடி செத்துப்போகுது, கூகுள்காரனுக்கு வேலை தெரியலைன்னு ஏசிக்கிட்டு இருந்த.

கதவைச் சாத்துனா சன்னலு இருக்குல்ல. எக்ஸ்டென்சனு! நீ படிக்கிற ஒவ்வொரு பக்கத்தையும் அது படிக்கலாம்னு நீதேன் அனுமதி குடுத்திருக்க. 2015 டிசம்பருல கூகுளோட டாவிஸ் ஓர்மண்டிங்குற ஆராய்ச்சிக்காரரு ஏ.வி.ஜி.யோட வெப் டியூனப்புங்குற குரோம் எக்ஸ்டென்சனைக் கிழிச்சுத் தொங்கவிட்டாரு. சுமாரு 90 லட்சம் பேரு மெசின்ல இருந்த சங்கதி அது. அதுல இருந்த ஓட்டை வழியா எந்த சைட்டுக்காரனும் நீ எங்கெங்க போன, வந்தன்னு எட்டிப் பாக்கலாம். பேரு 'டியூனப்பு'. வேகமாக்க வந்ததாம்.

இப்ப கூலி விசயத்துக்கு வருவோம்.

நம்மூரு மாட்டுச் சந்தையை நீ பாத்திருக்க மாட்ட. தரகரு கை மேல துண்டைப் போட்டு, துண்டுக்கு அடியில விரலைப் புடிச்சுத்தேன் வெலை பேசுவாரு. சுத்தி நிக்கிறவனுக்கு ஒண்ணும் தெரியாது. அதுல ஒரு தரகரு வந்து, "அண்ணே, ஒங்ககிட்ட எனக்குத் தரகே வேணாம், சும்மா முடிச்சுக் குடுக்குறேன்"னு சொன்னாருன்னு வையி. வெவரம் தெரிஞ்ச சம்சாரி வெத்தலையைத் துப்பிட்டு வேற ஆளைத் தேடிப் போயிருவான். எதிராளிகிட்ட வாங்கியாச்சுன்னு அர்த்தம்.

பிராகு நகரத்துல 1988-ல பாவெல் பௌதிஷ், எடுவார்ட் குசேரான்னு ரெண்டு பேரு ஒரு ஆன்டிவைரஸ் எழுதுனாய்ங்க. அது கம்பெனியா ஆரம்பிக்கலை, கூட்டுறவு சங்கமாத்தேன் ஆரம்பிச்சுச்சு. கேட்டதும் எனக்கு ஒரு பாசம் வந்துருச்சுடா. அதுதேன் பின்னால அவாஸ்டு. 2001-லேருந்து வீட்டு உபயோகத்துக்கு ஓசின்னு அறிவிச்சாய்ங்க. ஊரு உலகம் பூராம் எறக்குச்சு. கம்பெனி சொன்ன கணக்குலயே 40 கோடிக்கு மேல ஆளுக. 40 கோடிப் பேருக்கு ஓசியில சோறு போட்டா அரிசிக்குக் காசு எங்கேருந்து வரும்னு ஒருத்தனும் கேக்கலை.

2020 சனவரியில ரெண்டு அமெரிக்கப் பத்திரிகைக அதைத் தோண்டி எடுத்துச்சு. அவாஸ்டுக்கு ஜம்ப்ஷாட்டுன்னு ஒரு துணைக் கம்பெனி இருந்துச்சு. ஆன்டிவைரஸும் எக்ஸ்டென்சனும் சேத்த சமாச்சாரம் பூராம், அதாவது நீ என்ன தேடுன, எதைத் தொட்ட, எந்த சைட்டுல என்ன வாங்குனங்குறது அம்புட்டும், அங்க போயி மூட்டை மூட்டையா விலைக்குப் போயிருக்கு. பேரை எடுத்துட்டுத்தேன் விக்கிறோம்னு சமாதானம் சொன்னாய்ங்க. பேரை எடுத்துட்டு ஒவ்வொரு பிரவுசருக்கும் ஒரு தனி நம்பரைக் குத்தி, எந்த நிமிசத்துல எந்தப் பக்கம் பாத்தான்ங்குறதையும் சேத்துக் குடுத்தா, ஆளைக் கண்டுபிடிக்கிறது என்ன பிரம்ம வித்தையா? விசயம் வெளிய வந்த சில நாள்ல, அந்த மாசம் 30-ஆம் தேதி, ஜம்ப்ஷாட்டை மூடுறோம்னு அறிவிச்சாய்ங்க.

அமெரிக்க ஃபெடரல் டிரேடு கமிஷன் விடலை. 2024 பிப்ரவரியில 1.65 கோடி டாலரு அபராதம் போட்டு, இனிமே பிரவுசிங் தகவலை விளம்பரத்துக்கு விக்கக்கூடாதுன்னும் கட்டுப்பாடு விதிச்சுச்சு. அவுக சொன்ன கணக்கு: 2014-லேருந்து 2020 வரைக்கும் நூறு கம்பெனிக்கு மேல வித்திருக்காய்ங்க. சேத்து வச்சிருந்தது எட்டுப் பெட்டாபைட்டுக்கு மேல. ஒரு பெட்டாபைட்டுன்னா ஆயிரம் டெராபைட்டு, ஒன் ஹார்ட் டிஸ்க்கு எம்புட்டுன்னு நீயே வகுத்துப் பாத்துக்க. அதுல ஒருத்தன் எந்தச் சாமியைக் கும்புடுறான், என்ன நோவு, யாருக்கு ஓட்டுப் போடுவான், கையில காசு இருக்கா இல்லையான்னு பூராம் தெரியும். இதுல பெரிய நக்கலு என்ன தெரியுமா? 'உங்களைப் பின்தொடர்றவய்ங்களை நாங்க தடுப்போம்'னு சொல்லித்தேன் அதை ஒங்க தலையில கட்டுனாய்ங்க. தடுத்துருப்பாய்ங்க. போட்டியாளனை யாரு உள்ள விடுவா?

சரி, அவாஸ்டு வேணாம், ஏ.வி.ஜி. போட்டுக்குறேன்னு நீ சொல்லுவ. அதை 2016-ல அவாஸ்டே 130 கோடி டாலரு குடுத்து வாங்கிருச்சு. அவிரா போட்டுக்குறேன்னா, அதை நார்ட்டன்காரன் வாங்கிட்டான். 2022-ல அவாஸ்டையும் அவனே சேத்துக்கிட்டான். இப்ப நார்ட்டன், அவாஸ்டு, ஏ.வி.ஜி., அவிரா, சிகிளீனரு எல்லாத்துக்கும் மேல ஜென் டிஜிட்டலுங்குற ஒத்த மொதலாளிதேன். ஒன் மெசின்ல ரெண்டு கம்பெனின்னு நீ நெனைச்சுக்கிட்டு இருக்குறது ஒரே வீட்டுல ரெண்டு வாசலாக்கூட இருக்கலாம்.

சிகிளீனருன்னதும் ஞாபகம் வருது. மெசினைச் சுத்தம் பண்றதுக்குன்னே வந்த அந்த ஐட்டத்துக்குள்ள 2017-ல எவனோ புகுந்து வைரஸைக் கலந்துட்டான். கம்பெனியோட சொந்த சைட்டுலேருந்தே, சொந்தக் கையெழுத்தோட 22 லட்சத்துக்கு மேல மெசினுக்கு அது போயிருச்சு. அப்பத்தேன் அந்தக் கம்பெனியை அவாஸ்டு வாங்கி முடிச்சிருந்துச்சு. பாவம், அவுகளையும் சொல்லிக் குத்தமில்லை.

நார்ட்டன் 2021-ல இன்னொரு வேலை பாத்தாய்ங்க. ஆன்டிவைரஸோட கூடவே ஈத்தருங்குற கிரிப்டோ காசு தோண்டுற எந்திரத்தையும் சேத்து வச்சாய்ங்க. நீ விரும்புனா ஆன் பண்ணிக்கலாம். நீ தூங்குற நேரம் ஒன் கிராஃபிக்ஸ் கார்டு விடிய விடிய ஒழைக்கும். வர்ற காசுல 15% கம்பெனிக்கு. கரண்டு பில்லு 100% ஒனக்கு. அவிராவுக்கும் அதே சரக்கை அனுப்பி வச்சாய்ங்க. மறு வருசம் செப்டம்பருல ஈத்தருக்குத் தோண்டுற வேலையே இல்லாமப் போனதால அந்தக் கூத்து முடிஞ்சுச்சு.

மெசினைச் சொல்லிப் பயங்காட்டிப் பொழைக்கிறது தனிக் கலைடா. 'ஒங்க சிஸ்டத்துல இத்தனை பிரச்சினை'ன்னு செவப்பு எழுத்துல ஒரு பெட்டி வருதுல்ல? பிரச்சினை என்னன்னு அமுக்குனா, சரி பண்றதுக்கு வருச சந்தா கேக்குது. 2019-ல அமெரிக்காவுல ஆஃபீஸ் டிப்போங்குற கடைக்காரனும் சப்போர்ட் டாட் காம்ங்குற கம்பெனியும் சேந்து 3.5 கோடி டாலரு கட்டுனாய்ங்க. என்ன குத்தம்? ஓசியில பி.சி. ஹெல்த் செக்கு பண்ணிக் குடுக்குறேன்னு கூப்புட்டு, ஆரம்பத்துல நாலு கேள்வி. மெசின் ஸ்லோவா இருக்கா, பாப்அப்பு வருதா, அந்த மாதிரி. அதுல ஒண்ணுக்கு ஆமான்னு சொல்லிட்டா போதும், 'வைரஸு அறிகுறி தெரியுது'ன்னு ரிசல்ட்டு வந்துரும். உள்ள ஸ்கேன் என்ன சொல்லுதுங்குறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை.

"அப்ப நான் எதைத்தேன் போடுறது?"ன்னு கேக்குற. ஒண்ணும் போட வேணாம். போட்டு வந்திருக்கு. 2012-ல விண்டோஸ் 8 வந்ததுலேருந்து டிஃபென்டரு உள்ளயே இருக்கு. அதுக்கு முந்தி 2009-ல செக்யூரிட்டி எசென்சியல்ஸுன்னு தனியா ஓசியில குடுத்தாய்ங்க. மைக்ரோசாஃப்ட்டு மட்டும் தர்மப்பிரபுவான்னு கேட்டா, இல்லை. விண்டோஸு காசை நீ லேப்டாப்பு வாங்கும்போதே குடுத்துட்ட, அதனால இதுக்குத் தனியாத் துண்டு போட வேண்டிய அவசியம் அவனுக்குக் கொறைவு. நீ வெளியூரு ஆன்டிவைரஸைப் போட்ட ஒடனே டிஃபென்டரு மரியாதையா ஒதுங்கிக்கும். வீட்டுப் பிள்ளையைத் திண்ணைக்கு அனுப்பிட்டு வந்தவனை நடுக்கூடத்துல ஒக்கார வச்சது நீதேன்.

டிஃபென்டரும் யோக்கியன்னு நான் கற்பூரம் அடிக்க மாட்டேன். டாஸ்க் மேனேஜருல 'ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிக்யூட்டபிள்'னு ஒண்ணு சிபியூவைத் தின்னுக்கிட்டு நிக்கிறதை நீயும் பாத்திருப்ப, அது இவருதேன். ஃபயர்ஃபாக்ஸ் வச்சிருக்குறவய்ங்களை இவரு அஞ்சு வருசம் படுத்துன பாடு ஊரறிஞ்ச கதை. 2018-ல மொசில்லாவுல புகாரு பதிவாச்சு. பிரவுசரு நினைவகத்துல செய்யிற ஒரு சாதாரண வேலையை இவரு ஒவ்வொரு தடவையும் நின்னு விசாரிச்சிருக்காரு. 2023 வசந்தத்துலதேன் மைக்ரோசாஃப்ட்டு திருத்தம் அனுப்புனாய்ங்க. அந்த வேலையில இவரு தின்ன சிபியூ முக்கால்வாசி கொறைஞ்சுச்சுன்னு மொசில்லா ஆளுக சொன்னாய்ங்க. அஞ்சு வருசம்டா! சொசைட்டியில ஒரு கடன் மனு அம்புட்டு நாள் கெடந்திருந்தா என்னைச் சஸ்பெண்டு பண்ணிருப்பாய்ங்க. இருந்தாலும் ஒண்ணு சொல்லணும், இவரு ஓசின்னு சொல்லி ஒனக்கு வி.பி.என். விக்க வரலை.

காசு குடுத்து வாங்கத்தேன் ஆசைன்னா, நம்ம சென்னையிலயே 1991-லேருந்து கே7 இருக்கு, புனேயில குவிக் ஹீல் இருக்கு. எதை வாங்குனாலும் விளம்பரத்தைப் பாத்து வாங்காத. ஜெர்மனியில மாக்டபர்க்குல ஏ.வி. டெஸ்ட்டு, ஆஸ்திரியாவுல இன்ஸ்புரூக்குல ஏ.வி. கம்பேரட்டிவ்ஸுன்னு ரெண்டு எடம் இருக்கு. வைரஸைப் புடிக்குதாங்குறதோட, ஃபைலு காப்பி பண்ணும்போது, சைட்டு தொறக்கும்போது, சாஃப்ட்வேரு ஏத்தும்போது மெசினை எம்புட்டு இழுத்துப் புடிக்குதுன்னும் அளந்து தனியா மார்க்கு போடுறாய்ங்க. அதைப் பாரு. எஸ்.எஸ்.டி. போட்ட புது மெசின்ல நல்ல சரக்குகளுக்குள்ள வித்தியாசம் பெருசாத் தெரியாது. ஒன் பழைய டிஸ்க்குலதேன் எல்லா வண்டவாளமும் தண்டவாளம் ஏறும்.

இப்ப ஒன் சொந்தக் கூத்துக்கு வர்றேன், ஓடாத. போட்டோஷாப்பு கிராக்கு. யூடியூப்புல ஒரு தம்பி, "நண்பர்களே, மொதல்ல ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிருங்க, இது ஃபால்ஸ் பாசிட்டிவ்தான்"ங்குறான். நீயும் பவ்யமா ஆஃப் பண்ற. கிராக்கை ஏத்துற. மறுபடி ஆன் பண்ற. அப்பறம் அது பொலம்புதுன்னு கிராக்கு இருக்குற ஃபோல்டரை மொத்தமா எக்ஸ்க்ளூசன்ல போட்டு வச்சிருக்க. அடேய், ரெண்டு ஆன்டிவைரஸு ராத்திரி பகலா மெசினைப் போட்டுக் கடையுது. ஆனா எதைப் பாக்கணுமோ அதை மட்டும் பாக்காதன்னு நீயே எழுதிக் குடுத்திருக்க. செலவு பூராம் வச்சுக்கிட்டு வரவை மட்டும் தள்ளுபடி பண்ண ஒரே கணக்குப்பிள்ளை நீதேன்.

இன்னைக்கு ராத்திரி ஒரு வேலை செய்யி. அந்த ஓசிக் குடும்பத்தை ஒவ்வொண்ணா எடுத்துரு. சாதாரணமா எடுத்தா டிரைவரு அடியில தங்கிரும். கம்பெனி சைட்டுலயே அதுக்குன்னு அன்இன்ஸ்டால் கருவி குடுத்திருப்பாய்ங்க, அதை வச்சு எடு. ரீஸ்டார்ட்டு பண்ணிட்டு, விண்டோஸ் செக்யூரிட்டியைத் தொறந்து டிஃபென்டரு பச்சை டிக்கோட நிக்குதான்னு பாரு. எக்ஸ்க்ளூசன்ல அந்த ஃபோல்டரு இருந்தா நீக்கு. கிராக்கையும் தூக்கு. பிரவுசருல நல்ல விளம்பரத் தடுப்பு ஒண்ணே ஒண்ணு போட்டுக்க, பக்கம் வேகமாத் தொறக்கும், வெசம் பரப்புற விளம்பரமும் கொறையும். விண்டோஸ் 10-னா, 2025 அக்டோபர் 14-ஓட அதுக்கு வழக்கமான அப்டேட்டு முடிஞ்சுருச்சு, 11-க்கு மாற முடியுமான்னு பாரு. அதுக்கு மேலயும் இழுத்துச்சுன்னா ஒங்கப்பன்கிட்ட ஒரு எஸ்.எஸ்.டி.க்குக் காசு கேளு, புது லேப்டாப்புக்குக் கேக்காத. எஸ்.எஸ்.டி.க்குன்னா நானும் பக்கத்துல நின்னு ரெண்டு வார்த்தை சொல்றேன்.

எடுக்கும்போது கடைசியா ஒரு பெட்டி வந்து, 'ஏன் எங்களை விட்டுப் போறீங்க?'ன்னு அழுவாச்சியாக் கேக்கும். காரணம் எழுதுறதுக்குக் கட்டமும் குடுத்திருக்கும். அதுல என் பேரை எழுதி வைக்காத. காலியா விட்டுட்டு நெக்ஸ்ட்டை அமுக்கு.